வலிக்காத இடம்தான் வம்பு: இன்சுலின் ஊசியும் தோலுக்கடியில் வளரும் கட்டியும்

கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்தவர் என் அத்தை. ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டு இறங்க மனமில்லாமல் அங்கேயே இருக்கிறார். இனிப்புநீர் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. முதலில் மாத்திரை மட்டும் எடுத்தார். பிறகு காலையிலும் இரவிலும் இன்சுலின் பேனா ஊசி. யாருடைய உதவியும் இல்லாமல் தாமே போட்டுக்கொள்வார், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு தீபாவளிக்கு ஈப்போவில் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். வந்த இடத்தில் வலது கை சுளுக்கிக்கொண்டதால் காலை ஊசியை மகள் போட்டுவிட்டாள். அதே பேனா, அதே மருந்து, கிளினிக் அட்டையில் எழுதியிருந்த அதே 38 யூனிட். நான்கு இட்டிலியும் சாப்பிட்டார். பதினொரு மணி வாக்கில் முகமெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, மகளைப் பார்த்தே "நீ யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார். குத்திப் பார்த்தால் சர்க்கரை 2.6. சீனித் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்கள். மறுநாளும் கிட்டத்தட்ட அதே கதை. பலகாரம் செய்யும் அலைச்சல், வயதாகிவிட்டது, சாப்பாடு பத்தவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். ஊசியின் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மலைக்குத் திரும்பியதும் கிளினிக்கில் ஒரு மிஸிதான் அதைக் கண்டுபிடித்தார். அத்தையைப் படுக்க வைத்து, சுவெட்டரைத் தூக்கி, தொப்புளுக்கு இடப்பக்கம் விரலால் தடவிப் பார்த்தார். பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு மேடு. தொட்டால் ரப்பர்போல இருந்தது.

"எத்தனை வருசமாம்மா இதே எடத்துல போடுறீங்க?"

"அங்கதான் மிஸி வலிக்காது."

மகள் ஊசி போட்டது வலப்பக்கம். அதுவரை ஒரு முறைகூட ஊசி படாத, நல்ல தோல்.

இந்த இரண்டு வரிப் பேச்சுக்குள் முழு விஷயமும் இருக்கிறது. ஒரே இடத்தில் தொடர்ந்து இன்சுலின் போட்டால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு கட்டியாகிறது. மருத்துவத்தில் இதற்கு லிப்போஹைப்பர்ட்ரொஃபி என்று பெயர். வாயில் நுழையாத பெயர் என்பதால் இந்தக் கட்டுரையில் கொழுப்புக் கட்டி என்றே சொல்லிக்கொள்வோம். இது புற்றுநோய் அல்ல, சீழ்க்கட்டியும் அல்ல. வலியே இருக்காது. அதனால்தான் மருத்துவரிடம் யாரும் இதைக் காட்டுவதில்லை.

கட்டி எப்படி உருவாகிறது?

இன்சுலின் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைக்கும் மருந்து என்று நமக்குத் தெரியும். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. கொழுப்பு அணுக்களைப் பார்த்து, "சேர்த்து வை, கரைக்காதே" என்று சொல்வதும் இன்சுலின்தான். உடலில் இயற்கையாகச் சுரக்கும்போது அது இரத்தத்தில் கலந்து எங்கும் பரவலாகப் போகிறது. ஊசியில் போடும்போதோ, ஒரு விரல்நுனி அளவு இடத்தில் முழு மருந்தும் தேங்கி நிற்கிறது. அதே இடத்தில் நாளுக்கு இரண்டு முறை என்றால் ஆண்டுக்கு எழுநூறு முறைக்கு மேல். அந்த இடத்துக் கொழுப்பு அணுக்கள் ஊதிப் பெருக்காமல் என்ன செய்யும்?

ஊசி ஏற்படுத்தும் காயமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பேனாவின் ஊசிமுனை ஒரு முறை பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டது. மெல்லிய முனை, வழுக்கிக்கொண்டு போக மேலே ஒரு பூச்சு. திரும்பத் திரும்பக் குத்தும்போது பூச்சு போகும், முனை மழுங்கும், சில நேரம் வளையவும் செய்யும். மழுங்கிய முனை தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகிறது. அந்தச் சின்னஞ்சிறு காயங்கள் ஆறும்போது தழும்பு நார்களும் வளர்கின்றன. கொழுப்பும் நாரும் கலந்த அந்த மேட்டில் உணர்ச்சி குறைவு. அதனால் குத்தினால் வலிப்பதில்லை. வலிக்கவில்லை என்பதால் மறுநாளும் கை தானாக அங்கேயே போகிறது. கட்டி இன்னும் வளர்கிறது.

பார்வைக்கு அசிங்கமாக இருப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. கட்டிக்குள் போகும் இன்சுலின் ஒழுங்காக இரத்தத்தில் சேர்வதில்லை என்பதுதான் விஷயம். நல்ல தோலுக்கடியில் போட்டால் இன்ன நேரத்தில் வேலை தொடங்கும், இன்ன நேரத்தில் உச்சத்துக்குப் போகும் என்று ஓரளவு கணக்குச் சொல்லலாம். கட்டிக்குள் அந்தக் கணக்கு எடுபடாது. ஒரு நாள் பாதிதான் வெளியே வரும். இன்னொரு நாள் தாமதமாக, சாப்பாடெல்லாம் செரித்து முடிந்த பிறகு வரும். காலையில் 14, மதியம் 5, மறுநாள் காலை 11 என்று எண்கள் தாறுமாறாக ஓடும்.

திட்டு வாங்குவது நோயாளி

இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. சர்க்கரை ஏறியிருக்கிறது என்று தெரிந்ததும் முதல் கேள்வி எப்போதும் சாப்பாட்டைப் பற்றித்தான். "சோறு நிறைய சாப்பிடுறீங்களா? தேத்தண்ணியில சீனியா? திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிடுறீங்களா?" அத்தை பல ஆண்டுகளாகத் தே ஓ கோசோங்தான் குடிக்கிறார். தேயிலைக்காரிக்குச் சீனி இல்லாத தேநீர் ஒரு தண்டனையா என்று சிரிப்பார். ஆனால் மூன்று மாதக் கணக்கைச் சொல்லும் எச்பிஏ1சி முடிவு வரும்போதெல்லாம் அவர் பொய் சொல்வதாகத்தான் எல்லாரும் நினைத்தோம். வீட்டில் நாங்களும்தான். ஒவ்வொரு முறையும் ஊசியில் இரண்டு யூனிட், நான்கு யூனிட் கூடியது. 16-இல் தொடங்கியது 38 வரை வந்தது. மருந்தைக் கூட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கண்ணில் பட்டது எண்கள் மட்டும்தானே. சுவெட்டருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை.

ஸ்பெயின் நாட்டில் இன்சுலின் போடும் 430 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2013-இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினருக்கு இந்தக் கட்டி இருந்தது. கட்டி உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 56 யூனிட் போட்டார்கள், இல்லாதவர்கள் 41 யூனிட். அதாவது 15 யூனிட் வீண். காரணம் தெரியாமல் சர்க்கரை திடீரென்று இறங்கும் நிலை, கட்டி உள்ளவர்களில் 39 விழுக்காட்டினருக்கு இருந்தது. கட்டி இல்லாதவர்களில் அது 6 விழுக்காடுகூட இல்லை. ஊசி போடும் இடத்தைச் சரியாக மாற்றி வந்தவர்களில் 5 விழுக்காட்டினருக்குத்தான் கட்டி வந்திருந்தது. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இடம் மாற்றிப் போடுவதற்குக் காசு செலவில்லை.

கட்டி வளர வளர மருந்தின் அளவு கூடுகிறது. கூட்டிய அந்த அளவு கட்டிக்காகக் கூட்டியது, உடம்புக்காக அல்ல. என்றைக்காவது ஒரு நாள் அதே அளவு நல்ல தோலுக்கடியில் போனால் முழு மருந்தும் ஒரே மூச்சில் வேலை செய்யும். ஈப்போவில் அத்தைக்கு நடந்தது இதுதான். பக்கத்தில் மகள் இருந்தாள், பகல் நேரமாகவும் இருந்தது. அதே ஊசி இரவில், தனியாக இருக்கும் வீட்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

நம் நாட்டில் 2019-இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வு, 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகக் கண்டது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு, மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காட்டுக்குக் குறைந்தது, ஆறு பேரில் ஒருவர். நம் வீடுகளில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் இன்சுலின் இருப்பது சாதாரணமாகிவிட்டது. ஊசி போடக் கற்றுக்கொள்வதோ பெரும்பாலும் முதல் நாள் கிளினிக்கில் பத்து நிமிடம். அதன் பிறகு யாரும் நாம் போடுவதைப் பார்ப்பதில்லை.

மலையில் இன்னும் சில சங்கடங்கள்

கேமரன் மலைத் தேயிலைக்கு வயது நூறை நெருங்குகிறது. ஜே. ஏ. ரசல் என்பவர் போ தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். ஹாபு, சுங்கை பாலாஸ், புளூ வேலி, பாரத் என்று தோட்டங்கள் வந்தன, நம்மவர்கள் வந்தார்கள். இன்று கொழுந்து எடுப்பது பெரும்பாலும் கத்திரியும் இயந்திரமும், எடுப்பவர்களும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கையால் கொழுந்து கிள்ளிய நம் தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது. மூட்டுவலி, இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர் ஆகியவற்றோடு மலையிலேயே வாழ்கிறது.

தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரம். காலையில் இன்சுலின் போடும் நேரத்தில் வயிற்றுத் தோலை வெளியே காட்டவே குளிர்கிறது. அதனால் பலர் சட்டைக்கு மேலேயே குத்திக்கொள்கிறார்கள், அல்லது சுவெட்டரைக் கையளவு தூக்கி, கைக்கு எட்டிய அந்த ஓர் இடத்தில் போட்டுக்கொள்கிறார்கள். துணிக்கு மேல் குத்துவதால் உடனே கேடு வந்துவிடாது. ஆனால் எங்கே குத்துகிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது, அங்கே கட்டி இருந்தாலும் தெரியாது. ஒரே ஒரு நிமிடம், கதவைச் சாத்திக்கொண்டு, வெளிச்சத்தில் தோலைப் பார்த்துப் போடுங்கள்.

குளிரால் ஒரு நன்மையும் உண்டு. பயன்படுத்தத் தொடங்கிவிட்ட இன்சுலின் பேனாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய அவசியம் மலையில் அநேகமாக இல்லை. பெரும்பாலான இன்சுலின்கள் 30 டிகிரிக்குக் கீழே, வெயில் படாத இடத்தில், ஏறத்தாழ நான்கு வாரம் வெளியே இருக்கலாம் (சரியான நாள் கணக்கு மருந்தோடு வரும் தாளில் இருக்கும்). அடைத்து வைத்திருக்கும் புது மருந்துக்குத்தான் பெட்டி தேவை, அதுவும் உறையும் பகுதியில் வைக்கக்கூடாது. உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. ஜில்லென்ற மருந்தைக் குத்தினால் எரியும். எரிந்தால் மனம் வலிக்காத அந்தப் பழைய இடத்தையே தேடும். ஆகவே பயன்பாட்டில் உள்ள பேனா அலமாரியில் இருக்கட்டும்.

இன்னொன்று சரிவு. மலையில் எங்கே போனாலும் ஏற்றம், இறக்கம். தொடையில் ஊசி போட்டுக்கொண்டு உடனே மேட்டில் ஏறினால், தசை வேலை செய்ய அங்கே இரத்த ஓட்டம் கூடி, மருந்து வழக்கத்தைவிட வேகமாக உறிஞ்சப்படும். காய்கறித் தோட்டத்தில் இன்றும் வேலைக்குப் போகும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். காலை வேலைக்கு முன் போடும் ஊசியை வயிற்றில் போடுவது அவர்களுக்கு நல்லது. இரவுக்கு மட்டும் தனியாக நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் கொடுத்திருந்தால் அதைத் தொடையில் போடச் சொல்வார்கள். எந்த மருந்து எங்கே என்பதைக் கிளினிக்கில் கேட்டு, அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் நான்கைந்து இனிப்பு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். தேயிலை வரிசைக்கு நடுவில் மயங்கி விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாகும்.

தடவிப் பார்ப்பது எப்படி?

கட்டியைக் கண்ணைவிட விரல்தான் நன்றாகக் கண்டுபிடிக்கும். குளிக்கும்போது, கையில் சோப்பு நுரை இருக்கும்போது பார்ப்பது எளிது. ஊசி போடாத பகுதியிலிருந்து தொடங்கி, ஊசி போடும் பகுதியை நோக்கி விரல்நுனிகளை மெதுவாக வட்டமாகச் சுழற்றிக்கொண்டு போங்கள். மெத்தென்று இருந்த தோல் ஓரிடத்தில் கெட்டியாக, வழவழப்பாக, ரப்பர்போல மாறும். சிலருக்கு அது நிலக்கடலை அளவு, சிலருக்கு உள்ளங்கை அளவு. பிறகு இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். நல்ல தோல் மெல்லியதாக மடியும், கட்டி மடியாது. கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று, விளக்கு வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழும்படி பார்த்தால் மேடு நிழலாகத் தெரியும். வயதானவர்களுக்குக் கண் மங்கியிருக்கும், விரல் உணர்ச்சியும் இனிப்புநீரால் குறைந்திருக்கும். மகளோ மருமகளோ மாதம் ஒரு முறை தடவிப் பார்ப்பது நல்லது. தந்தைக்கு மகன் பார்க்கட்டும். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட வேண்டாம்.

கட்டி தட்டுப்பட்டால் என்ன செய்வது? அதில் ஊசி போடுவதை நிறுத்த வேண்டும், ஆனால் அளவைப் பேசாமல் நிறுத்தக்கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் படிப்பதாக இருந்தால் அதைப் படியுங்கள். கட்டியிலிருந்து நல்ல இடத்துக்கு மாறும்போது பழைய அளவு அதிகமாகிவிடும். 2015 அக்டோபரில் ரோம் நகரில் பல நாட்டு வல்லுநர்கள் கூடி வகுத்த ஊசி முறைப் பரிந்துரைகள், இப்படி மாறும்போது குறைக்க வேண்டிய அளவு பல நேரங்களில் 20 விழுக்காட்டையும் தாண்டும் என்று சொல்கின்றன. யாருக்கு எவ்வளவு குறைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை மருத்துவரோ இனிப்புநீர்ப் பயிற்சி பெற்ற மிஸியோதான் சொல்ல வேண்டும். மாறிய முதல் சில வாரங்களில் அடிக்கடி குத்திப் பார்த்து எண்களைக் குறித்துவைக்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். தாப்பாவோ ஈப்போவோ இறங்க வேண்டியதில்லை, பக்கத்துக் கிளினிக்கே போதும். போனதும், "ஊசி போட்ட இடத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்க" என்று நீங்களாகவே கேளுங்கள். அடுத்த தவணை இரண்டு மாதம் கழித்து என்றால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம்.

சர்க்கரை 4.0-க்குக் கீழே இறங்கினால், அல்லது வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் வந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் குத்திப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் ரொட்டியோ சோறோ கொஞ்சம் சாப்பிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். அப்போது 999-ஐ அழையுங்கள்.

இடம் மாற்றுவது என்றால் வலது, இடது என்று மாற்றுவது மட்டுமல்ல. "நான் மாத்தித்தானே போடுறேன்" என்பவர்கள் பலருக்கும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டி இருக்கும். இரண்டே புள்ளிகளில் மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டு கட்டிதான் வரும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தை விட்டுவிட்டு, வயிற்றை நான்கு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள்ளும் ஒவ்வொரு ஊசியும் முந்தியதிலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளி இருக்க வேண்டும். நான்கு வாரம் கழித்து முதல் கட்டத்துக்குத் திரும்பும்போது அந்தத் தோல் ஓய்வெடுத்திருக்கும். தொடையின் முன்பக்கம், வெளிப்பக்கம், பிட்டத்தின் மேல்பகுதி, மேல்கையின் பின்புறம் ஆகியவையும் உண்டு. மேல்கையில் தாமே போட்டுக்கொள்வது கடினம். வேளை மாறும்போது உறுப்பையும் மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். காலை ஊசிக்கு வயிறு என்றால் காலைக்கு எப்போதும் வயிறு, அதற்குள் புள்ளி மட்டும் மாறட்டும். ஏனென்றால் வயிற்றிலிருந்து இன்சுலின் வேகமாக ஏறும், தொடையிலிருந்து மெதுவாக.

ஊசிமுனை நீளம் 4 மில்லிமீட்டர் போதும். நான் குண்டு, எனக்குப் பெரிய ஊசி வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். ஒல்லியானவருக்கும் குண்டானவருக்கும் தோலின் தடிமன் கிட்டத்தட்ட இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான், அதற்குக் கீழே கொழுப்பு. நீளமான ஊசி தசைக்குள் போய்விடும், அங்கிருந்து மருந்து எதிர்பாராத வேகத்தில் ஏறும். நேராகக் குத்தி, பொத்தானை முழுதும் அழுத்தி, ஒன்று முதல் பத்து வரை எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். பால்போல் கலங்கலாக இருக்கும் இன்சுலினாக இருந்தால் முதலில் உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழும் சாய்க்க வேண்டும். குலுக்கக்கூடாது.

ஊசிமுனை செலவு ஒரு கவலைதான், தெரியும். ஒவ்வொரு முறையும் புதிது என்பதே சரியான முறை. கையில் இருப்பது போதவில்லை என்றால் அதை மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள், என்ன செய்யலாம் என்று அவர்கள் வழி சொல்வார்கள். ஒரே முனையை ஒரு வாரம், பத்து நாள் என்று ஓட்டுவதும், கட்டியும், வீணாகும் மருந்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒருவருடைய ஊசியை இன்னொருவர் பயன்படுத்தவே கூடாது, கணவன் மனைவியாக இருந்தாலும். பயன்படுத்தியதைக் குப்பைப் பையில் போட்டால் குப்பை எடுப்பவர் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில், மூடி போட்டு, நிறைந்ததும் கிளினிக்கில் கொடுங்கள்.

கட்டி மட்டும்தானா?

ஊசி போட்ட இடத்தில் சின்னதாக நீலம் பாரிப்பது, ஒரு சொட்டு இரத்தம் வருவது ஆகியவற்றுக்குப் பயப்பட வேண்டாம். சிவந்து, சூடாகி, வலித்து, சீழ் கட்டினால் அது கிருமித் தொற்று, அன்றே காட்ட வேண்டும். மருந்து மாற்றிய புதிதில் அரிப்பும் தடிப்பும் வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம்.

முந்தைய காலத்தில் மேட்டைவிடப் பள்ளம்தான் அதிகம். 1921-இல் கனடாவின் டொரொன்டோ நகரில் இன்சுலினைக் கண்டுபிடித்து, 1922 ஜனவரியில் முதல் முறையாக ஒரு சிறுவனுக்குப் போட்டார்கள். அதன் பிறகு அறுபது ஆண்டு காலம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுக்கப்பட்டது. அதில் கலந்திருந்த அந்நியப் பொருள்களை உடல் எதிர்த்ததால் ஊசி போட்ட இடத்துக் கொழுப்பு கரைந்து, தொடையில் குழி விழும். 1980-களில் மனித இன்சுலின் வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டது. மேடு மட்டும் குறையவில்லை, ஏனென்றால் அதற்குக் காரணம் மருந்தின் அழுக்கு அல்ல, நம் பழக்கம்.

அரிதாக இன்னொன்று. சிலருக்கு இன்சுலினே அந்த இடத்தில் ஒரு வகைப் புரதமாகப் படிந்து கல்போல் இறுகும். பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2020 செப்டம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. கொழுப்புக் கட்டி ஓய்வு கொடுத்தால் மெல்லக் கரையும், இந்தப் படிவு கரையாது. ஆகவே பல மாதம் ஊசி படாமல் விட்டும் ஒரு கட்டி கொஞ்சமும் சுருங்காமல் கெட்டியாகவே இருந்தால், அதை மருத்துவரிடம் மறுபடியும் காட்டுங்கள். வாரம் ஒரு முறை போடும் புதிய வகை இனிப்புநீர் ஊசிகளுக்கும் இடம் மாற்றும் விதி உண்டு.

ஒரு சிலர் கட்டியைக் கரைக்கச் சூடு ஒத்தடம் கொடுக்கிறார்கள், தைலம் போட்டுத் தேய்க்கிறார்கள். கட்டி அதனால் கரையாது. அதோடு ஊசி போட்ட இடத்தைத் தேய்த்தாலும் சூடு வைத்தாலும் மருந்து வேகமாக ஏறிச் சர்க்கரை இறங்கலாம், தோலும் வெந்துபோகலாம். அந்த இடத்தை விட்டுவிடுவதுதான் வைத்தியம். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும், பெரிய கட்டி என்றால் இன்னும் அதிகம்.

அத்தைக்கு அந்த மிஸி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வயிற்றின் படம் ஒன்றை வரைந்து, நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தீட்டிக் கொடுத்தார். அது இப்போது சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. காலை அளவை மருத்துவர் 38-லிருந்து 28-க்குக் குறைத்தார், பிறகு இன்னும் இரண்டு குறைந்தது. எட்டு மாதம் கழித்துத் தடவிப் பார்த்தபோது எலுமிச்சம்பழம் நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது. பொய் சொல்கிறாய் என்று அவரிடம் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடு தம்பி, இந்தப் பச்சைக் கட்டத்துல போட்டாத்தான் சுருக்குனு வலிக்குது" என்றார்.